எல்லா வயரும் சிவப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஓரளவு படித்த, ஓரளவு புத்தியுள்ள ஒரு மனிதன் தன் பழைய அம்பாசிடருக்குப் புது வயரிங் போட உட்கார்ந்தால், ஏழெட்டு நிறத்தில் வயர் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவான். நான் ஒரே நிறத்தில் வாங்கினேன். சிவப்பு. கோயமுத்தூரில் கடைக்காரர் ஒரு பெரிய சுருளைக் காட்டி, "இதுதானுங்க இருக்குது, மத்த கலரெல்லாம் செவ்வாக்கெழமதான் வருமுங்க" என்றார். செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கிற குணம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஹாரனுக்கும் சிவப்பு, ஹெட்லைட்டுக்கும் சிவப்பு, வைப்பருக்கும் சிவப்பு. எது எங்கே போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாண நாளை மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று வீட்டில் பெயரெடுத்தவன், முப்பது வயரை மனதில் வைத்துக்கொள்ளக் கிளம்பினேன். அதோடு நின்றேனா? பானெட்டுக்குள்ளே எஞ்சின் உட்காரும் இடம் முழுக்க இலைப்பச்சையில் மூன்று கோட் பெயின்ட் அடித்தேன். போல்ட் மாட்டுகிற இடத்தைக்கூட விடவில்லை. அந்தப் பெயின்ட் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். வயரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் சிவகாசியிலிருந்து மலரின் போன் வந்தது.

மலர் என் மனைவியின் தங்கை. சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறாள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் பிரதான வேலை. லேபிள் சீசன் ஓய்ந்தபின் காலண்டர் ஆர்டர் பிடித்தால்தான் மிஷின் ஓடும். போன வருஷம் ஒரு நல்ல ஆர்டர் கைக்கு வந்து நழுவிப் போனது. ஜெய்ப்பூரில் கார் பல்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சேட்டு, பழைய கார் ஒன்று விளக்கெரிய நீர்க்கரையில் நிற்கிற மாதிரி படம் கேட்டிருக்கிறார். மலர் கம்ப்யூட்டரில் செய்து காட்டினாள். சேட்டு அதைப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சம் உலகத்தில் எந்த பல்பிலிருந்தும் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விட்டார். படத்தில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததை வேறு கண்டுபிடித்துவிட்டாராம்.

"இந்த வருசம் நெசக் கார நிறுத்தி நெசமா படம் எடுத்துத் தாறேன்னு சொல்லிட்டேன் அத்தான். சேட்டு நேர்ல வாறாரு. ஒங்க வண்டி ஓடுதுல்ல? லைட்டு எரியுதுல்ல?"

"ஜம்முனு எரியுது" என்றேன். புது வயரிங் போட்டபின் வண்டியைப் பகலில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தேன் என்பதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் மனைவி ரயிலில் போகச் சொன்னாள். "வண்டி இல்லாமப் போயி என்ன பண்றது?" என்றேன். "வண்டியையும் ரயில்ல ஏத்திருங்க" என்றாள்.

விருதுநகருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் வருவதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். வத்தல் குடோன்களிலிருந்து வருகிற காற்று நேராக மூளைக்குப் போகும். எங்கள் ஊரில் மலைக்காற்று முகத்தை வருடும். இங்கே ஆடிக்காற்று மிளகாயைத் தூக்கிக்கொண்டு வந்து அறையும். நான்கு தும்மலுக்கு நடுவில் ஹெட்லைட்டைப் போட்டேன்.

இரண்டு மின்மினிப்பூச்சிகள் வந்து முன்னால் உட்கார்ந்தமாதிரி இருந்தது.

எதிரே ஆட்டோ வந்தது. ஹாரன் அடித்தேன். அது ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்து ஒரு கத்துக் கத்தியது. அந்தக் கத்தலோடு ஹெட்லைட் படுத்தே விட்டது. ஹாரனை விட்டால் விளக்கு எழுந்தது. இண்டிகேட்டர் போட்டேன். இண்டிகேட்டர் மினுக்குகிற தாளத்துக்கு ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தது. பக்கத்தில் பைக்கில் வந்தவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாலு லைட்டும் மினுக்குது. எந்தப் பக்கம் திரும்பப் போறீக?"

"வலது பக்கமுங்க."

"அத வாயால சொல்லிட்டே போங்க. அதுதான் வெளங்குது."

ஒரு விஷயத்தில் எனக்குத் தெம்பு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடியது. டைனமோ நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழைத் தற்செயலாகத் தொட்டபோது கை சுட்டது. எஞ்சின் சூடு மேலே ஏறி வருகிறது என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினேன். என்னிடம் முடிவுகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த வெளிச்சத்தில் சிவகாசி வரை போவது தற்கொலை என்று பட்டதால், வண்டியை ஒரு பரோட்டாக் கடை ஓரமாக நிறுத்திவிட்டு ராத்திரியை விருதுநகரிலேயே கழித்தேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இங்கே பரோட்டாவைக் கல்லில் எண்ணெய் காட்டி எடுப்பதில்லை. எண்ணெயிலேயே முக்கிப் பொரிக்கிறார்கள். அப்பளம் மாதிரி மொறுமொறு என்று வரும். அதைக் கையால் நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றினால் பாதி ஊறும், பாதி ஊறாது. அந்த ஊறாத பாதியில்தான் சொர்க்கம் இருக்கிறது. கோயமுத்தூரில் நாங்கள் தின்பது பரோட்டா அல்ல, சின்ன மெத்தை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கல்லாவில் இருந்தவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தூரு வண்டி அண்ணாச்சி?"

"கோயமுத்தூருங்க."

"அங்கன இருந்து ஓட்டிக்கிட்டா வந்தீக?"

"ஆமாங்க."

"தள்ளல?"

மறுநாள் காலை வெயிலில், விளக்கே தேவைப்படாத பெருமிதத்தோடு சிவகாசிக்குள் நுழைந்தேன். மலர் அச்சகத்து வாசலில் நின்றிருந்தாள். "வாங்க அத்தான், சாப்பிட்டீகளா? அக்கா நல்லாருக்காளா?" என்று கேட்டு முடிக்குமுன் பானெட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட்டின் மேல் கொத்துக் கொத்தாகச் சிவப்பு வயர்.

"என்ன அத்தான், உள்ள ஆரோ வெத்தலையப் போட்டுத் துப்பி வச்ச மாதிரி இருக்கு?"

"ஒரே கலரா இருந்தா ஒரு ஒழுங்கு இருக்கும்னு..."

"நாலு கலர் வச்சு நான் இந்த உலகத்துல உள்ள அம்புட்டுப் படமும் அடிக்கேன். ஒங்களுக்கு ரெண்டு கலராச்சும் வாங்கத் தோணலையா?"

உள்ளே சேட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். போனில் யாருடனோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். மலரும் இந்தியில் ஏதோ பதில் சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது. "என்ன கேட்டாரு?" என்றேன்.

"இந்த ஆளு மெக்கானிக்கா, டிரைவரான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டும் இல்லன்னேன்."

திட்டம் இதுதான். மறுநாள் சாயங்காலம் ஆனைக்குட்டம் அணைக்கரையில் படம். அன்று ராத்திரி சேட்டுக்கு விருதுநகரில் ரயில். ஆடிப்பெருக்குக்கு இங்கே காலண்டர்காரர்கள் புது வருஷத்துக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்குள் படம் அச்சேற வேண்டும். விளக்கு எரியாவிட்டால் சேட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அடுத்த தெருக்காரர் ஒரு பழைய ஜீப்பைக் கழுவித் தயாராக நிறுத்தியிருப்பதாகவும் தகவல்.

"போன வருசம் நம்ம மிஷின்ல நிக்கிற நாலு பேரும் மூணு மாசம் கட்டட வேலைக்குப் போனாக. இந்த வருசமும் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது அத்தான். நெசமாச் சொல்லுங்க. எரியுமா?"

"சாயங்காலத்துக்குள்ள எரிய வச்சுக் காட்டுறேன்" என்றேன். எப்போதும் போலத் தெம்பாகத்தான் சொன்னேன். தெம்புக்கு ஆதாரம் வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மின்சாரக் கோளாறு பார்ப்பதற்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வயரைக் கழற்றி, அதன் நுனியை வண்டியின் இரும்பில் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். பொறி பறந்தால் அதில் மின்சாரம் வருகிறது, பறக்காவிட்டால் வரவில்லை. எங்கள் ஊரில் எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் பார்ப்பார்கள். நான் முதல் வயரைக் கழற்றித் தேய்த்தேன். அழகான பொறி, நீலமாக, 'சட்' என்ற சத்தத்தோடு.

தெருவே கத்தியது.

பக்கத்தில் ஒரு லாரி நின்றிருந்ததை நான் கவனித்திருந்தேன். தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கும் என்பதை சிவகாசியில் நின்றுகொண்டு யோசிக்கத் தவறியவன் இந்த ஆண்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் பெட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏலே, ஆருலே அது பொறி கெளப்புனது!"

"அண்ணாச்சி, நான் சும்மா டெஸ்ட்டு..."

"டெஸ்ட்டா? ஊரக் கொளுத்திப் பாக்குறதுக்குப் பேரு டெஸ்ட்டா? கைய எடுங்க! மொதல்ல கைய எடுங்க!"

ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். டீக்கடையில் இருந்தவர், சைக்கிளில் போனவர், மலரின் மிஷினில் நிற்கும் நான்கு பேர், எல்லோரும். என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார்கள். தள்ளினார்கள். தெருவைத் தாண்டி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, ஊர்க்கோடியில் சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் தேரில் உட்கார்ந்த உற்சவர் மாதிரி உள்ளே இருந்தேன். வழியில் யாரும் கும்பிடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

லோடுமேன் ஜன்னல் வழியே குனிந்தார். கோபம் போய்விட்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவர் தோல் வேறு நிறத்தில் இருந்தது. "இங்கன பொறின்னா வெளையாட்டில்ல அண்ணாச்சி" என்றார். அதன்பின் அந்த ஊரில் நான் ஒரு வயரைக்கூட இரும்பில் தேய்க்கவில்லை.

ஆக, பொறி கிளப்பாமல் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மலர் கருவேல நிழலில் நின்று வயர்க்கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அச்சகத்துக்குப் போய், கழிவில் போட்டிருந்த ஒட்டு லேபிள்களை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். நிறம் பிசகியது, கோணலாக வெட்டுப்பட்டது, எல்லாம் பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்.

"ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டே போங்க. எங்க முடியுதுன்னு சொல்லுங்க. நான் ஒட்டுதேன்."

ஹாரன் வயருக்கு 'சரவெடி' ஒட்டினாள். ஹெட்லைட்டுக்குக் 'கம்பி மத்தாப்பு'. வைப்பருக்குச் 'சங்குசக்கரம்'. இண்டிகேட்டருக்குச் 'சாட்டை'. பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயருக்கு 'அணுகுண்டு'. மத்தியானத்துக்குள் என் எஞ்சின் தீபாவளிக்கு முந்தின நாள் பட்டாசுக்கடை மாதிரி ஆகிவிட்டது. நான் இழுத்த வயரிங் முதல் முறையாக எனக்கே புரிந்தது.

புரிந்ததில் ஒரு சங்கடம். எல்லாம் சரியாக இருந்தது. மத்தாப்பு ஹெட்லைட்டுக்குத்தான் போனது. சரவெடி ஹாரனுக்குத்தான் போனது. எங்கேயும் அறுந்திருக்கவில்லை, எங்கேயும் உரசவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சேட்டு தன் பையிலிருந்து இரண்டு புது பல்பு எடுத்துக் கொடுத்தார்; அதையும் மாட்டிப் பார்த்தோம். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். அதே மின்மினி. ஹாரன் அடித்தேன். அதே ஆட்டுக்குட்டி.

சேட்டு பல்புகளைத் திரும்ப வாங்கி, பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மீட்டர் வேண்டும் என்று எனக்கு மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது. பொறியில்லாமல் மின்சாரத்தை அளந்து காட்டும் மீட்டர். மலரின் கணவர், அதாவது என் சகலை ராஜபாண்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே மீட்டர் இருக்கிறதாம். வெள்ளாமை பார்க்கப் போகிறவர் மாதிரி விடியுமுன்னே கிளம்பிப் போயிருந்தார். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. ஆகவே விஷயம் சொல்ல நானே நேரில் போக வேண்டியதாயிற்று. காரை எடுத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனிப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை. பஸ்ஸில் போனேன்.

கம்பெனி கேட்டில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். போனை வாங்கி வைத்தார். செருப்பை விடச் சொன்னார். பிறகு என் சட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பாலிஸ்டரு. கழத்துங்க."

"சட்டையையா?"

"பருத்தின்னா விடலாம். இது ஒடம்புல ஒரசி ஒரசி கரண்ட் புடிக்கும். கழத்திட்டு உள்ள போங்க."

பனியனோடு உள்ளே போனேன். வேப்பமரமும் கரிசல் மண்ணும், இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்துக் கலவை மேல் விரலிலிருந்து ஒரு பொறி போதும்.

ஒரு வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்து அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்கு விளக்கு துலக்குகிற அக்கறை. தகடு பொன் மாதிரி மின்னியது.

"என்னுங்கக்கா, சாமியா இது?" என்றேன்.

"சாமியா இருந்தா உண்டியல் வச்சிருக்க மாட்டோமா? நீங்க ஆரு, பனியனோட வந்து நிக்கீக?"

"போர்மேனோட சகலைங்க. இல்ல, சும்மா கையால தொடறதுக்குத்தானுங்க? அதுக்கு எதுக்கு இத்தன பளபளப்பு?"

"களிம்பு ஏறிக்கிட்டா தொட்டும் தொடாத கணக்குத்தான். செம்பு கையில படணும்ல" என்று சொல்லிவிட்டு என் பனியனைப் பார்த்துச் சிரித்தார். "போர்மேன் அண்ணாச்சி வீட்டுல சட்டைக்கு அம்புட்டுப் பஞ்சமா?"

நான் சிரிக்கவில்லை. அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். காரில் மின்சாரம் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்கு வயர் கிடையாது; வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே திரும்பி எஞ்சினுக்குப் போய் அங்கிருந்து பேட்டரிக்குச் சேரும். உடம்பையும் எஞ்சினையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை. எர்த் பட்டை என்பார்கள். ஒரு போல்ட்டில் இறுக்கியிருக்கும். அந்த போல்ட்டை நான் எதன்மேல் வைத்து இறுக்கினேன்?

இலைப்பச்சை. மூன்று கோட்.

தொட்டும் தொடாத கணக்கு. ஊரே பாராட்டிய என் பெயின்ட்டின் மேல் அந்தப் பட்டை சுகமாகப் படுத்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு இரும்பில் அது படவில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் எல்லாம் எஞ்சினுக்குப் போகிற சோக் கம்பிக்குள்ளும் ஆக்ஸிலேட்டர் கம்பிக்குள்ளும் முண்டியடித்துப் போயிருக்கிறது. சோக் குமிழ் சுட்டது அதனால். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெளிச்சம் கூடியது, அந்தக் கம்பி அசைந்து கொஞ்சம் நன்றாக உரசியதால். டைனமோவை நான் பாராட்டியதெல்லாம் வீண்.

ராஜபாண்டி மீட்டரோடு வந்தார். "இந்தாங்க சகல. சாயங்காலம் பத்திரமாத் திருப்பிக் குடுத்திருங்க."

"வேண்டாமுங்க!" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"மீட்டருக்குத்தான வந்தீக?"

"கண்டுபிடிச்சுட்டேனுங்க!"

"சரி, சட்டையவாச்சும் வாங்கிட்டுப் போங்க!"

திரும்பி வந்த பஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். வழியில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைத்தார். அது ஹாரன். மந்தை முழுக்க ஒரே தாவில் ஓரத்துக்குப் போனது. இண்டிகேட்டர் போட்டார், இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது. கீறல் விழுந்த, சப்பிப்போன, எத்தனை பேர் கை பட்டதோ தெரியாத அந்தப் பழைய டவுன் பஸ்ஸின் வயரிங்கை நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, டாப்பையே பாத்துக்கிட்டு வாறீக? ஒழுகாது" என்றார்.

பொட்டலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மலர் கேமராவோடு தயாராக நின்றாள். சேட்டு பெட்டியோடு நின்றார். "மீட்டர் எங்க?" என்றாள் மலர்.

"கத்தி குடு" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்ததைப் பார்த்தேன். பிறகு மிஷினில் இங்க் வழிக்கும் தட்டைக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். போல்ட்டைத் திருகினேன். பட்டையை விலக்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான வேலையை, மூன்று கோட் இலைப்பச்சையை, சொந்தக் கையால் சுரண்டி எடுத்தேன். செதில் செதிலாகக் கண்ணில் விழுந்தது.

"இம்புட்டு நல்லா இருந்த பெயின்ட்ட எதுக்கு அத்தான் சொரண்டுறீக?"

"நல்லா இருந்ததுதான் தப்பு. கொஞ்சம் புளி கொண்டா."

"எதுக்கு, ரசம் வைக்கவா?"

"கொண்டா அம்முணி!"

பட்டையின் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன். வெள்ளை வெளேரென்று தெரிந்த இரும்பின் மேல் அதை வைத்து இறுக்கினேன். ஸ்பானர் இரண்டு முறை நழுவி முகத்தில் விழுந்தது. விழவில்லை என்று எழுதலாம், யார் பார்த்தது? மலர் பார்த்தாள்.

பேட்டரியை மாட்டினேன். ஹெட்லைட்டைப் போட்டேன்.

எதிரே இருந்த கருவேலம் புதர் முழுக்க ஒரே வெள்ளை. அந்த மாலை வெயிலிலும் முள் முள்ளாகத் தெரிந்தது. ஹாரன் அடித்தேன். விளக்கு அசையவில்லை. பொட்டலின் அந்தக் கோடியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர், "ஏலே, லாரி வருது, ஒதுங்கு!" என்று யாருக்கோ குரல் கொடுத்தார். என் வண்டியை ஒருவர் லாரி என்று நம்பியது அன்றைக்குத்தான்.

ஆனைக்குட்டத்தில் தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. ஆனால் காற்று அதைச் சிலுசிலுவென்று அலையாக்கி வைத்திருந்தது. கரையில் வண்டியை நிறுத்தினோம். சூரியன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இறங்கியது. மலர் முட்டிபோட்டு, மணலில் படுத்து, எழுந்து, மறுபடி படுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள்.

சேட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தவர், பேட்டரி வயரில் 'அணுகுண்டு' லேபிளைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனார். தமிழ் தெரியாவிட்டாலும் படம் தெரியும் அல்லவா? மலர் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். பிறகு அவர் ஹெட்லைட்டுக்கு முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். கடைசியில் மலரைப் பார்த்து இரண்டே வார்த்தை பேசினார்.

மலர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அப்படியே வண்டியின் மட்கார்டில் சாய்ந்தாள்.

"என்ன சொல்லிட்டாரு?"

"நெச வெளிச்சம்னு சொல்லிட்டாரு." சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே போனை எடுத்து மிஷின்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஆடி முடிஞ்சதும் எங்கயும் போயிராதீக. நாலு பேரும் இங்கனயே இருங்க. ஆர்டர் வந்துருச்சு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் ரொம்ப நேரம் 'ஆமா, ஆமா' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினேன். கண்டுபிடித்தது நான். சுரண்டியது நான். பெயின்ட் அடித்ததும் நான்தான், ஆனால் அதை இப்போது நினைவுபடுத்த அவசியமில்லை. மலர் போனை வைத்ததும் ஆரம்பித்தேன்.

"பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா, ஜம்முனு எரியும்னு? அடுத்த வருசம் சேட்டுக்கு இன்னொரு படம் எடுப்போம். இந்த வண்டிய இன்னும் நல்லாப் பண்றேன். உள்ள பூராவும் நீலக் கலர்ல மாத்தி அடிச்சு, புதுசா ஒரு வயரிங்கும் இழுத்து, ஜோரா ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்தறேன். என்ன சொல்ற?"

மலர் கேமராவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பஸ்ல வாங்க அத்தான்."